இரைப்பையிலும் குடலிலும் லிம்போமா: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வந்த பயாப்சிகளில் ஓர் இரைப்பைத் திசு. நொய்யரிசி அளவில் சில துணுக்குகள். எண்டோஸ்கோபி செய்தவர் ‘ஆறாத புண்; புற்றா?’ என்று எழுதியிருந்தார். இரைப்பையின் உட்படலத்தில் எழும் வழக்கமான புற்றான கார்சினோமாவைத்தான் முதலில் தேடினேன், இல்லை. சுரப்பிகளுக்கு நடுவே லிம்போசைட்டுகள் என்ற சிறிய நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் மண்டிக் கிடக்கின்றன. சில சுரப்பிகளின் சுவருக்குள்ளேயே புகுந்து அவற்றைக் குலைத்திருக்கின்றன. சாதாரண அழற்சியில் இவ்வளவு அட்டகாசம் இருக்காது. ஜீம்சா சாயமிட்ட ஸ்லைடில், சளிப்படலத்தின் மேல் வளைந்த குச்சிகளாக ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

ஜூன் 6, வெள்ளி

பி செல் என்ற வகை லிம்போசைட்டின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் சி.டி. 20. அதற்கான சாயம் பழுப்பாக ஏறியிருக்கிறது, பி செல்கள்தான். பெரிய செல்கள் கூட்டமாக எங்கும் இல்லை. மால்ட் லிம்போமா, அதாவது சளிப்படலத்தை ஒட்டிய லிம்போசைட்டுகளில் எழும் புற்று, என்று அறிக்கை கொடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

நோயாளியின் மகன் அறிக்கையோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். “நீங்கள் புற்றுநோய் என்கிறீர்கள். டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார். யாரை நம்புவது, மேடம்?”

நியாயமான கேள்வி. இரண்டும் உண்மை என்றேன். இந்தக் கிருமி வருடக்கணக்கில் இரைப்பையில் குடியிருந்து, டி செல்கள் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டுகளைத் தூண்டுகிறது. அவை பி செல்களை ஓயாமல் பெருகவைக்கின்றன. கிருமி ஒழிந்தால் தூண்டுதல் நிற்கும், கட்டி வாடும். 1983-இல் நோய்க்குறியியல் மருத்துவர்கள் ஐசக்சனும் ரைட்டும் இந்த வகையை அடையாளம் காட்டினார்கள். கிருமியை ஒழித்தால் கட்டி மறைவதை 1993-இல் லண்டன் குழு வெளியிட்டது. இரைப்பையைத் தாண்டாத கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று இப்படியே அடங்குகின்றன. முன்பெல்லாம் இதே நோய்க்கு இரைப்பையையே வெட்டி எடுத்தார்கள். இதைச் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜூன் 11, புதன்

“அப்படியானால் இரைப்பை லிம்போமா எதுவானாலும் மாத்திரை போதுமா?” என்று முதுநிலை மாணவி கேட்டாள். போதாது. 11-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட கட்டிகள் பெரும்பாலும் மாத்திரைக்கு மசியாது. அவற்றுக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். பெரிய செல்களாலான, வேகமாக வளரும் பி செல் லிம்போமா என்றால் ஆர்-சாப் எனும் கூட்டு மருந்துக் கீமோ, 21 நாளுக்கு ஒருமுறை. அதிலும் பாதிக்கு மேற்பட்டோர் மீண்டுவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். மால்ட் கட்டி முழுதாக மறைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மூன்று மாத எண்டோஸ்கோபியில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தவுடன் கீமோவுக்கு ஓடுவது வீண் அவசரம்.

ஜூன் 18, புதன்

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து ஒரு துண்டு, சிறுவனுடையது. குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதால் அவசர அறுவை. அடர்ந்த நீலச் செல்களுக்கு இடையே செத்த செல்களை விழுங்கும் வெளிறிய மேக்ரோஃபேஜ்கள்: பாடப்புத்தகம் சொல்லும் ‘விண்மீன் வானம்’. கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. பர்கிட் லிம்போமா. ஓரிரு நாளில் இரட்டிப்பாகும் கட்டி இது. எழுத்து அறிக்கைக்குக் காத்திராமல் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கீமோவில் கட்டியின் செல்கள் சட்டென்று உடைந்தால் அவற்றின் கழிவைச் சிறுநீரகம் தாங்காது. அதற்கான முன்னேற்பாட்டோடு கீமோ தொடங்க வேண்டும். வசதியுள்ள மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். குடலெங்கும் பாலிப்பாகப் பரவும் மேன்டில் செல் லிம்போமா என்ற மற்றொரு பி செல் வகையோ அடங்கியதுபோல் இருந்து திரும்பத் திரும்ப வரும்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாம் கருத்துக்காக வெளியூரிலிருந்து ஸ்லைடுகள். துளை விழுந்த சிறுகுடல். முந்தைய அறிக்கையில் ‘லிம்போமா’ என்ற ஒற்றைச் சொல். இதை வைத்துக்கொண்டு சிகிச்சை தருபவர் என்ன செய்வார்? நான் பார்த்ததில் பி செல்லின் சி.டி. 20 இல்லை; டி செல் பக்கம் காட்டும் சி.டி. 3, சி.டி. 8, கூடவே சி.டி. 56 மூன்றும் ஏறியிருக்கின்றன. குடலின் டி செல் லிம்போமா. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயோடு தொடர்பில்லாத, ஆசியாவில் அதிகம் காணும் வகை. பலர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை.

அறுவை மருத்துவர் போனில், “ரிட்டுக்சிமாப் தொடங்கிவிடலாமா?” என்றார். அந்த மருந்து பற்றுவது சி.டி. 20-ஐத்தான், இங்கே அதற்கு வேலையே இல்லை. வகையின் முழுப்பெயரை எழுதி, புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே அனுப்பச் சொன்னேன்.