நாலு அங்குல ஸ்டாப்பர்

ஜன்னல் முழுதாகத் திறக்காமல் தடுக்கும் அந்த ஸ்டாப்பரைக் கழற்றிக் கொடுத்திருக்கலாமா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நான் ஜன்னல் மாற்றப் போன வீட்டு அம்மாவுக்கு முடக்குவாதம். விரல்கள் நிமிராது, நடமாட்டம் வீல்சேரில்தான். பழைய ஜன்னல் வழக்கமான ரகம்: உள்ளே கிரில், வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவு. மேல் தாழ்ப்பாளை எட்டி இறக்கி, கம்பிக்குள் கைவிட்டுத் தள்ளவேண்டும். கிரிலை வெளிப்பக்கம் மாற்றி, உள்ளே யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் கதவு போட்டோம். கட்டைவிரலால் அழுத்தும் பூட்டைத் தவிர்த்து, முழங்கையால் தட்டினாலே திரும்பும் நீளமான பிடி வைத்தோம். இழுப்பதற்கு, முன்கை நுழையும் அளவுக்குப் பெரிய கைப்பிடி, தரையிலிருந்து மூன்றரை அடியில். வீல்சேரை நேராகக் கொண்டுபோனால் கால்பலகை சுவரில் இடித்தது, கை எட்டவில்லை. பக்கவாட்டில் நிறுத்த இடம் வேண்டுமென்று கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம்.

ஒரே கையால், இறுக்கிப் பிடிக்காமல், கிள்ளாமல், மணிக்கட்டைத் திருகாமல், 5 பவுண்டு (சுமார் 2.3 கிலோ) விசைக்குள் இயங்கவேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010 ஏடிஏ விதி. நம் வீடுகளுக்குள் வந்து யாரும் இதைக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் எனக்கு அதுதான் அளவுகோல். கைப்பிடியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோவைத் தொடவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு மகன், நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி ஒரு ஸ்டாப்பர் கேட்டார். சாரல் அடித்தால் தரை வழுக்கும், அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது விழுந்துவிடுவோம் என்றார். வைத்தேன். அவர் கிளம்பிப் போனதும் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, நான் திறக்கத்தானே இவ்வளவும் பண்ணீங்க? இதைக் கழட்டிட்டுப் போங்க."

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடறேன்மா."

"நீங்களும் அவன்கிட்டதான் கேக்கணுமா?"

மகனுக்கு போன் செய்தேன். வேண்டாம் என்றார். சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பணம் கொடுப்பவர் மகன். ஈரத்தரையில் அம்மாவைத் தூக்கப்போவதும் அவர்தான். நடுவில் புகுந்து இன்னொரு முடிவெடுக்க எனக்கு என்ன உரிமை? இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி என்றே படுகிறது.

ஆனால் மூடுவதற்கும் அதே இரண்டு கிலோ விசை போதும். மழை வந்தால் அம்மாவே மூடிக்கொள்வார். கையில் தராசு இருந்தும் மகனிடம் நான் அதைச் சொல்லவில்லை. அப்புறம் இரவு நினைவுக்கு வருகிறது. படுத்தபிறகு அவரால் தானாக வீல்சேருக்கு மாற முடியாது, கட்டிலையோ நாங்களே ஜன்னலிலிருந்து தள்ளி வைத்துவிட்டோம். ராத்திரி மழைக்கு மகன் சொன்னதுதான் சரி. பகலுக்கு? ஒரு நாளில் பாதி நேரம் அந்த அம்மா சொல்வது நியாயம் என்றால், அதற்கு ஏற்ற மாதிரி ஜன்னலைச் செய்வதுதானே என் தொழில்?

மடக்கிவிடக்கூடிய ஸ்டாப்பர்களும் இருக்கின்றன. பகலில் முழங்கையால் தட்டி மடக்கலாம், ராத்திரி வீட்டில் யாராவது நிமிர்த்திவிட்டால் போதும். அந்த வகையை வாங்கி வைத்திருக்கிறேன். மகனிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.