அம்மாவின் கால்

ஆறு மாதமாக அம்மாவுக்கு இரண்டு பாதமும் மரத்துப்போகிறது. அன்றைக்குச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை வந்துவிட்டார். சர்க்கரை இல்லை, தைராய்டு சரி, நரம்புக் கடத்தல் பரிசோதனையும் நார்மல். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

நேற்று வேறொரு நரம்பியல் மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை, அதான் டியூனிங் ஃபோர்க்கை, தட்டி, கால் பெருவிரலில் வைத்தார். “ஒண்ணும் தெரியலையே டாக்டர்.” மணிக்கட்டில் வைத்ததும், “ஆமா, அதிருது!”

அப்புறம்தான் மாத்திரைகளைக் கேட்டார். வயிற்றெரிச்சலுக்கு ஒன்பது வருடமாக, அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல். அம்மா சுத்த சைவம் வேறு. நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 அசைவத்திலும் பாலிலும்தான் இருக்கிறது. வயிற்றில் அமிலம் குறைந்தால், சாப்பாட்டிலிருந்து அது பிரிந்து உடம்பில் சேருவதும் குறையும். இத்தனை நாள் யாருமே இதைக் கேட்கவில்லையே!

பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாச்சு. வியாழக்கிழமை ரிசல்ட்.