மீன்களை எடுத்த பிறகு வந்த தவளைகள்

காவேரிப்பட்டணத்திலிருந்து சற்றுத் தள்ளி, மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தில் 2019 ஏப்ரலில் ஒரு சிறு குட்டை வெட்டினோம். நீளம் 12 அடி, அகலம் 8 அடி, நடுவில் ஆழம் 3 அடி. நிரம்பினால் ஏறக்குறைய 5,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். எங்கள் நிலம் செம்மண்ணும் சரளையும் கலந்தது, தண்ணீரை ஒரு நாள்கூடப் பிடித்து வைக்காது. பண்ணைக்குட்டைக்கு விரிப்பதுபோல் சில்பாலின் விரித்துவிடும்படி பலரும் சொன்னார்கள். விரிப்பின்மேல் அல்லி வேர் பிடிக்காது, வெயில் காலத்தில் நத்தையும் தவளையும் புதைந்து கிடக்க மண் இருக்காது என்று எனக்குத் தோன்றியதால், ஏரி வண்டல் இரண்டு டிராக்டர் வாங்கிக் கொட்டி, தண்ணீர் விட்டு, வீட்டில் இருந்த அனைவரும் இரண்டு நாள் மிதித்துச் சேறாக்கி, அடியிலும் கரையிலும் ஒரு சாண் கனத்துக்குப் பூசினோம். முதல் மாதம் கசிந்தது. பிறகு தானாகவே அடைபட்டுவிட்டது. தெற்குக் கரையை மட்டும் செங்குத்தாக விடாமல் நீண்ட சரிவாக இறக்கினோம். கோழிக்குஞ்சோ அணிலோ தவறி விழுந்தால் ஏறி வருவதற்காக அப்படிச் செய்தது. பின்னாளில் குட்டைக்கு வந்த பறவைகளில் பெரும்பாலானவை அந்தச் சரிவில் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நின்றுதான் குளிக்கின்றன.

குட்டை வெட்டியதில் என் அத்தைக்குத் துளியும் விருப்பம் இல்லை. "பாம்பையும் கொசுவையும் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறியாம்மா?" என்று கேட்டார். பாம்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கொசுவைப் பற்றிய அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் தண்ணீர் விட்ட பத்தாம் நாள் குட்டையின் ஓரமெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. எங்கள் ஊர் வெப்பத்தில் கொசுவின் முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அந்த வாரத்தில்தான் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வந்த பணியாளர் ஒருவர், நல்லெண்ணத்தோடு, ஒரு பாலிதீன் பையில் இருபது கம்பூசியா மீன்களைக் கொண்டுவந்து குட்டையில் விட்டுச் சென்றார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத, சாம்பல் நிற மீன்கள். மூன்றாம் நாள் கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. நானும் மகிழ்ச்சியோடு நன்றி சொன்னேன்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்தக் குட்டையில் என்ன நடந்தது என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். கம்பூசியா முட்டையிடுவதில்லை, குஞ்சு போடும். மாதத்துக்கு ஒரு முறைகூடப் போடும். ஆடி பிறப்பதற்குள் இருபது மீன் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தது. முதல் பெருமழை பெய்த இரவு, எங்கிருந்துதான் வந்தனவோ, பெருந்தவளைகள் குட்டையைச் சுற்றி விடியும்வரை கத்தின. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பெருந்தவளை மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் நிறம் மாறிவிடும். கத்தும்போது தொண்டையின் இரு பக்கமும் நீல நிறப் பைகள் உப்பும். டார்ச் வெளிச்சத்தில் அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. விடிந்ததும் தண்ணீரின்மேல் முட்டைகள் ஏடுபோல் படர்ந்திருந்தன. பத்து மணிக்குள் அந்த ஏட்டைச் சுற்றி மீன்கள் மொய்த்துக் கொத்திக்கொண்டிருந்தன. பிழைத்துப் பொரித்த சில தலைப்பிரட்டைகளும் வால் கடிபட்டு இரண்டு மூன்று நாளில் இறந்து மிதந்தன. கறுத்த தலைப்பிரட்டைகள் ஒரு கூட்டம் மட்டும் பிழைத்துக் கால் முளைத்துக் கரையேறியது. அவை தேரைக் குஞ்சுகள். தேரையின் தலைப்பிரட்டையில் ஒருவித நஞ்சு இருப்பதால் பல மீன்கள் அதை வாயில் வாங்கியதும் துப்பிவிடும்.

அத்தோடு நிற்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் குட்டைத் தண்ணீர் அரைத்த கீரைபோல் பச்சையாகவே கிடந்தது. இறங்கினால் முழங்கால் தெரியாது. தழைச்சத்து மிகுந்துவிட்டதா, வெயில் கூடுதலா என்று எதையெதையோ சந்தேகித்து, அல்லிக் கொடிகளைக் கூட்டினேன், தென்னை ஓலை போட்டு நிழல் கட்டினேன். காரணம் வேறு. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று குறைப்பவை தண்ணீர்ப்பூச்சி எனப்படும் கடுகளவு உயிரிகள். அவற்றை அந்த மீன்கள் மிச்சமின்றித் தின்றுவிட்டதால் பாசி தடையில்லாமல் பெருகியது. தட்டான்கள் வந்து வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுச் சென்றன, ஆனால் அங்கிருந்து ஒரு தட்டான்கூட வெளியேறி நான் பார்க்கவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவிலும் வாழும் இந்த மீனை மலேரியாவைக் கட்டுப்படுத்துவதற்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மூடிய கிணற்றுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் அது பயன்படலாம். உயிர்கள் வந்து தங்க வேண்டும் என்று வெட்டிய குட்டையில் அதற்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

2021 மே மாதம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தபோது, பழைய கொசுவலையை இரண்டு பக்கமும் பிடித்து அரித்து மீன்களை எடுத்தோம். வலைக்குத் தப்பியவை எப்படியும் இருக்கும் என்பதால் மீதித் தண்ணீரையும் இறைத்து, சேறு வெடிக்கும்வரை மூன்று வாரம் காயவிட்டோம். எடுத்த மீன்களை ஏரியில் விட்டுவிடலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஏரியில் விட்டால் அது மதகு வழியாக வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து தென்பெண்ணைக்கும் போகும். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோழிக்குப் போட்டது போக மற்றதைத் தென்னை அடியில் புதைத்தோம்.

ஜூன் மழையில் குட்டை மீண்டும் நிரம்பியது. இம்முறை எந்த மீனையும் விடாமல் நான் வெறுமனே உட்கார்ந்து பார்த்தேன். கொசுப்புழு வந்தது. ஆனால் இரண்டாவது வாரத்தில், தண்ணீர்மேல் ஓடும் நீள்கால் பூச்சிகளும், மல்லாந்தபடி நீந்தும் பூச்சிகளும், கறுப்பு நீர்வண்டுகளும் யாரும் கொண்டுவந்து விடாமலே பறந்து வந்து சேர்ந்தன. புழுக்கள் குறையத் தொடங்கின. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள்தான் கழிகிறது. அதன் கீழுதடு மடித்து வைத்த கைபோல் முகத்தின் அடியில் இருக்கும். இரை அருகில் வந்ததும் அது விசையோடு நீண்டு பற்றி இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் காலை கோரைத்தண்டில் அது தோலுரித்துவிட்டுப் போன கூட்டைக் கண்டேன். முதுகு பிளந்து, ஆறு கால்களும் தண்டைப் பற்றியபடியே இருந்தது. அந்த ஒரு வாரத்தில் அப்படிப் பதினேழு கூடுகள் எண்ணினேன்.

அல்லி இலையின் அடியில் தட்டையான, தவிட்டு நிறப் பூச்சி ஒன்றையும் அந்த மழைக்காலத்தில்தான் பார்த்தேன். அதன் முதுகு முழுவதும் அரிசிபோல் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கும்வரை சுமப்பது தகப்பன்தான். அத்தையை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தவர், "பாவம், தூக்கிக்கிட்டே திரியுது" என்றார். கொசுவைப் பற்றிய பேச்சு அன்றோடு குறைந்தது. வீட்டைச் சுற்றியிருந்த உடைந்த தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். டெங்குவைப் பரப்பும் கொசு குட்டையைவிட இப்படிச் சிறுசிறு இடங்களில் தேங்கும் தண்ணீரைத்தான் அதிகம் தேடும்.

மீனே வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிடவில்லை. குட்டைக்கு ஆறடி தள்ளி, ஓர் அண்டா அளவுக்கு இன்னொரு பள்ளம் தோண்டி, அதே வண்டல் பூசி, அதைத் தவளைகளுக்கென்று விட்டோம். அதில் மீன் விடக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதி. பெரிய குட்டைக்கு மட்டும், 1957-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் பாசன வாய்க்காலில் தண்ணீர் வடிந்த நேரத்தில் தேங்கிக் கிடந்த உள்ளூர் மீன்களில் கொஞ்சம் எடுத்து வந்தோம். அடிச்சேற்றைச் சலித்துத் தின்னும் அயிரை பத்து, விரல் நீளக் கெண்டை ஆறு, தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் மேல்நீர் மீன்கள் எட்டு. அந்தப் பொட்டு மீன் தண்ணீரின் மேற்பரப்பிலேயே நின்று கொசுப்புழுவைப் பிடிக்கும். கம்பூசியா செய்த வேலையை அதுவும் செய்கிறது, ஆனால் பல்கிப் பெருகி மற்ற எதையும் வாழவிடாமல் செய்வதில்லை. ஜிலேபி வேண்டாம் என்று அப்போதே தீர்மானித்தோம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீன் இன்று அணையிலும் ஏரிகளிலும் நிறைந்திருக்கிறது. குழம்புக்கு நன்றாக இருக்கும், ஆனால் சிறு குட்டையில் விட்டால் அடியெல்லாம் குழி பறித்துக் குஞ்சு பொரித்து நிரப்பிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆசையாகப் பிடித்து வந்த விராலையும் மறுநாளே அது பிடிபட்ட ஏரிக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும் விரால் எனக்கு மிகவும் பிடித்த மீன்தான். ஆனால் 5,000 லிட்டரில் ஒரு விரால் இருந்தால் வேறெதுவும் இராது.

மீன்களுக்கு நான் தீனி போடுவதில்லை. பொரியும் பிஸ்கட்டும் போட்டால் தின்றது போக மீதி அழுகி, மூச்சுக்காற்றைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிவிடும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. இரவில் செடிகளும் பாசியும் ஆக்சிஜனைத் தாமே எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் தட்டுப்பாடு மிகுதி. சித்திரை வெயிலில் காலை ஐந்து மணிக்குக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால், நான் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் சிதறி விழும்படி கால் மணி நேரம் விடுவேன். சித்திரையில் வாரத்துக்கு மூன்று விரற்கடைத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அதை ஈடுகட்டவும் இது போதும்.

மீன் இருந்தால் மீனைத் தின்ன வருபவையும் வரும். குருட்டுக்கொக்கு ஒன்று தினமும் ஏழு மணிக்கு வந்து சரிவில் அசையாமல் நிற்கும்; மண் நிறமாகத் தெரிவது பறக்கும்போதுதான் வெள்ளை வெளேரென்று ஆகும். வெண்மார்பு மீன்கொத்தி முருங்கை மரத்தில் உட்கார்ந்திருந்தாலும், குட்டையில் பிடிப்பதைவிடக் கொல்லையில் வெட்டுக்கிளி பிடிப்பதே அதிகம். மீன்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு முறை குட்டையின்மேல் நைலான் வலை கட்டினேன். நான்காம் நாள் ஒரு தண்ணீர்ப்பாம்பு அதில் சிக்கிக்கொண்டது. உடம்பில் சதுரங்கக் கட்டம்போல் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள். வலைக்கண்ணில் தலையை நுழைத்துவிட்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல், செதில்களின் அடியில் நூல் இறங்கி இரத்தம் கசிந்திருந்தது. அதற்கு நஞ்சு கிடையாது, ஆனால் பிடித்தால் தயங்காமல் கடிக்கும். என் கணவர் அதன் தலைமேல் கோணிச் சாக்கைப் போட்டு அழுத்திக்கொள்ள, நான் தையல் கத்தரிக்கோலால் நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். விடுபட்டதும் அது குட்டைக்குள்தான் போனது. வலையை அன்றே சுருட்டி எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, நடுவில் உடைந்த மண்பானைகளையும் ஓட்டுத் துண்டுகளையும் போட்டு மீன்கள் ஒளிய இடம் செய்தேன்.

பெரிய இழப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. மா பூத்திருக்கும் அந்த மாதங்களில் தத்துப்பூச்சிக்கு எல்லாத் தோப்புகளிலும் மருந்தடிப்பார்கள். பக்கத்துத் தோப்பில் காலையில் அடித்தது காற்றோடு எங்கள் பக்கம் வந்தது. மதியத்துக்குள் தண்ணீர்மேல் ஓடும் பூச்சிகள் கால் மடங்கி ஓரம் ஒதுங்கின. மாலையில் பொட்டு மீன்கள் சாய்ந்து சாய்ந்து நீந்தின. பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டும் கெண்டைகள் அனைத்தையும் இழந்தோம். அயிரைகளில் நான்கு பிழைத்தன. தோப்புக்காரரிடம் நான் சண்டை போடவில்லை. இறந்த மீன்களை ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "அண்ணா, அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க மூடிக்கிறோம்" என்றேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்ளோ தூரம் வரும்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா காத்து பார்த்து அடிச்சிருப்பேன்" என்றார். மறு ஆண்டிலிருந்து முதல் நாளே தகவல் வருகிறது. நாங்கள் தார்ப்பாயை விரித்து மூடி, மறுநாள் எடுக்கிறோம்.

சிறிய பள்ளம்தான் இப்போது வீட்டில் எல்லோரும் முதலில் போய்ப் பார்க்கும் இடம். பள்ளத்தின்மேல் சாய்ந்திருக்கும் செம்பருத்திக் கிளையில், இந்த ஆண்டு ஆனி மாதத்தில் இரண்டு நாள் மழைக்குப் பிறகு, சோப்பு நுரையைத் திரட்டி ஒட்டியதுபோல் ஒரு வெள்ளை உருண்டை தொங்கியது. மரத்தவளை கட்டிய நுரைக்கூடு அது. இரவில் காலால் கடைந்து கடைந்து நுரை எழுப்பி, அதற்குள் முட்டையிட்டு, தண்ணீருக்கு நேர்மேலே விட்டுவிடுகிறது. முதல் நாள் தொட்டால் ஒட்டும் ஈரமாக இருந்த கூடு, மறுநாள் வெயிலில் வெளிப்புறம் காய்ந்து பொருக்குத் தட்டியது. நான்காம் நாள் அடிப்பகுதி இளகித் தொங்கத் தொடங்கியது. அத்தை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பள்ளத்தின் ஓரமே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் தூறல் விழுந்தபோது நுரை கரைந்து ஒழுகியது. அதோடு சீரகம்போல் சிறிய தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டி விழுந்தன. "முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் இருட்டிடுச்சும்மா" என்று இரவு சாப்பிடும்போது சொன்னார்.