மூன்றாவது சென்டிமீட்டரில் ஒரு விண்மீன் திரள்

தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய அளவு டேப்பைத் தொங்கவிட்டு, அங்கங்கே குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள்.

2024 மே மாதம் தம்பி மகள் போனில் ஒரு படம் காட்டினாள். கறுப்புத் துணியில் சாயம் தெறித்த மாதிரி ஒரு பொட்டு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி கண்டுபிடித்த விண்மீன் திரளாம், அதுவரை தெரிந்ததிலேயே தொலைவானதாம். பெயர் ஜேட்ஸ் ஜிஎஸ் இசட்14-0. பட்டன் பாக்கெட் நம்பர் மாதிரி இருந்தது. அண்டம் பிறந்து ஏறக்குறைய 29 கோடி வருடத்தில் புறப்பட்ட வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்றாள். அண்டத்துக்கு வயது 1,380 கோடி. எனக்குக் கோடி என்றால் லொத்தர் சீட்டுதான்.

"அப்போ உங்க டேப்பிலயே அளந்து பாருங்க அத்தை" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன்.

டேப் 150 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் 9 கோடியே 20 லட்சம் வருடம். தகட்டு முனைதான் அண்டத்தின் பிறப்பு, மறுமுனை இன்று. அந்தத் திரள் மூன்றாவது சென்டிமீட்டரைத் தாண்டியதும் வந்துவிட்டது. பூமி பிறப்பதற்கு நூறைத் தாண்ட வேண்டியிருந்தது. டைனோசர்கள் அழிந்தது மறுமுனைக்கு முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லாத இடத்தில். சரி, எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்தது எங்கே? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது எங்கே? ஊசி முனைக்கும் இடமில்லை. நாங்கள் வந்து இருநூறு வருடம் என்று 2023இல் மலையகம் 200 என ஊரெல்லாம் பேசினோம், அத்தனை கஷ்டமும் இந்த டேப்பில் தெரியவே தெரியாதா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம் இலாஸ்டிக். வெளிச்சம் வருகிற வழியிலேயே அண்டம் விரிவதால் அதன் அலையும் இழுபடுமாம், இந்தத் திரளுடையது ஏறக்குறைய 15 மடங்கு. இலாஸ்டிக்கில் சாக்கால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு இழுத்தேன். இரண்டு மடங்குக்கு மேல் வரவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. புறஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதைப் பிடிக்கத்தான் வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடிக்குத் தங்கப் பூச்சு. மொத்தம் 48 கிராம், அதாவது ஆறு பவுண். எங்கள் லயத்துக் கல்யாணத்துக்கே அதைவிடக் கூடக் கேட்கிறார்கள்.

வானத்தைப் பார்க்கும் ஆசை இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. தம்பி டூரிஸ்ட்டுகளை மலையேற்றிக் கூட்டிப் போகிறவன், அவனுடைய 10×50 பைனாகுலரை வாங்கிக்கொண்டேன். மஸ்கெலியாவில் டிசம்பர் முழுக்க மூடுபனி. பொங்கலுக்கு வானம் வெளுத்தது, ஆனால் நிலா. கடைசியில் தை அமாவாசை அன்று, புலி நடமாடுகிறது என்று முணுமுணுத்தபடி வீட்டுக்காரர் டோர்ச்சோடு துணைக்கு வர, தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் போய் நின்றேன். மேற்கே சிவனொளிபாதமலைப் படி விளக்குகள் மாலை மாதிரி எரிந்தன.

உத்திரட்டாதியிலிருந்து வடக்கே தடவித் தடவி, நமக்குப் பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடாவைத் தேட அரை மணி நேரம் ஆனது. கை நடுங்கியதால் பைனாகுலரைக் கம்பி வேலிக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான். 25 லட்சம் வருடப் பழைய வெளிச்சம். டேப்பில் கால் மில்லிமீட்டர்தான்.

பிறகு தெற்கே திரும்பினேன். அந்தத் தொலைவுத் திரள் போர்னாக்ஸ் என்ற நட்சத்திர மண்டலத்தின் பக்கம், எங்கள் தெற்கு வானத்தில் நல்ல உயரத்தில்தான் இருக்கிறது. ஒன்றும் தெரியாது என்று தெரிந்தேதான் பார்த்தேன். வெறும் இருட்டு.

"என்ன தெரியுது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல."

"அதுக்கா இந்தக் குளிர்ல?"

அவரும் வாங்கிப் பார்த்தார். நான் கேட்கும்வரை திருப்பித் தரவில்லை.

2025 மேயில் தம்பி மகள் மறுபடி வந்தாள். அதைவிடத் தொலைவில் இன்னொன்று, மொம் இசட்14. அண்டம் பிறந்து 28 கோடி வருடம். கணக்குப் போட்டு, குண்டூசியைப் பிடுங்கி, ஒரு மில்லிமீட்டர் முன்னால் குத்தினேன். ஒரு மில்லிமீட்டருக்காக ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கச் சொல்லி யாராவது வந்திருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.