ஆடிட்டர் ஆகணுமா? முதலில் ஒரு பில்லைப் பாருங்கள்

"சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்) படிக்கலாமா?" என்று கேட்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எல்லாரும் தேர்வைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எத்தனை பேப்பர், எவ்வளவு கஷ்டம், பாஸானால் என்ன சம்பளம். பாஸான பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எனவே முதலில் ஒரு பில்.

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 தேதியிட்ட விற்பனை பில், வரி நீங்கலாக 4,80,000 ரூபாய். ஜி.எஸ்.டி. எண், கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பில்லுக்குப் போய்விடலாம் என்றுதான் கை போகும். ஆனால் கூடவே இருக்கும், சரக்கை ஏற்றி அனுப்ப எடுக்கும் இ-வே பில்லைப் புரட்டினால் அது ஏப்ரல் 3 அன்று எடுத்தது. லாரி ரசீதும் அதே தேதி. அப்படியென்றால் மார்ச் 31 இரவு சரக்கு எங்கே இருந்தது? குடோனில். அன்று எடுத்த இருப்புப் பட்டியலில் அந்த மூட்டைகளும் 4,00,000 ரூபாய் அடக்க விலையில் எண்ணப்பட்டிருக்கின்றன. விற்றதாகவும் கணக்கு, இருப்பதாகவும் கணக்கு. சரக்கின் அடக்க விலை இருப்பிலிருந்து கழியாததால், லாபம் கூடியிருப்பது 80,000 ரூபாய் அல்ல, முழு 4,80,000.

பல சமயம் இதில் சூது எதுவும் இருக்காது. பில்லை முதலிலேயே போட்டு வைத்திருப்பார்கள், லாரி கிடைக்க மூன்று நாள் ஆகியிருக்கும். சில சமயம் வங்கியில் ஓ.டி. லிமிட்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பை) புதுப்பிக்க விற்பனையைக் கூட்டிக் காட்ட வேண்டியிருக்கும். எது என்று தெரிய மார்ச் கடைசி பில்களையும் ஏப்ரல் முதல் பில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் கிரெடிட் நோட் போட்டு அதே விற்பனையைச் சத்தமில்லாமல் ரத்து செய்திருக்கிறார்களா என்றும் தேட வேண்டும். இதற்குக் 'கட்-ஆஃப்' பார்ப்பது என்று பெயர். இதைப் படிக்கும்போது கொஞ்சமாவது குறுகுறுப்பு வந்தால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரும். கொட்டாவி வந்தால் நான்கைந்து வருடத்தை இதில் போடுவதற்கு முன் யோசியுங்கள். கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குவது வேறு, அடுத்தவர் போட்ட கணக்கை நம்பாமல் பார்ப்பது வேறு.

இனி பாதை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ.தான் இந்தப் படிப்பை நடத்துகிறது. தென்மண்டல அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. முதல்படி பவுண்டேஷன்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதம்-லாஜிக்-புள்ளியியல், பொருளாதாரம் என நான்கு தாள், தலா 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 40 எடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நான்கிலும் 40 எடுத்தால் 160. மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 200 வேண்டும். கடைசி இரண்டு தாளும் கொள்குறி வகை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். பள்ளியில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவில் படித்தவர்கள் மூன்றாம் தாளில்தான் சறுக்குவார்கள். அதில் 40 மதிப்பெண் கணிதம், 40 புள்ளியியல், 20 லாஜிக். லாஜிக்கும் புள்ளியியலும் கைகொடுக்கும் என்று கணிதத்தை அப்படியே ஒதுக்கினால், மீதி 60-இல் 40 எடுத்தாக வேண்டும், சறுக்க அதிக இடமில்லை.

பட்டதாரிகள் பவுண்டேஷன் எழுத வேண்டியதில்லை. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம், மற்ற பட்டங்களில் 60 சதவீதம் இருந்தால் நேரே இரண்டாம்படியான இன்டருக்கு வரலாம்.

இன்டரில் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று தாள். தாளுக்கு 40, குரூப்பில் மொத்தம் 150. இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒரு வசதி: ஒரு குரூப்பில் 140, இன்னொன்றில் 165 என்றாலும் மொத்தம் 300-ஐத் தாண்டுவதால் இரண்டும் பாஸ். குரூப்பில் தோற்றாலும் ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அடுத்த மூன்று தேர்வுக்கு அந்தத் தாளை எழுத வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த குரூப்பின் எல்லாத் தாளும் எழுதியிருந்தால்தான் இந்த விலக்கு. இரண்டாம் தாள் சொதப்பிவிட்டது என்று மூன்றாம் தாளுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தவருக்கு, நன்றாக எழுதிய முதல் தாளின் 65-ம் வீண்.

இன்டரின் இரண்டு குரூப்பும் முடிந்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக் கற்கும் பயிற்சி. முன்பு மூன்று வருடம், 2023 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருடம். சேரும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஆனால் பிள்ளைகள் அதிகம் யோசிப்பது கோச்சிங் சென்டரைப் பற்றி. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளைப் பார்க்கலாம், ஆனால் ஆறு மாதம் ஒரே நிலையான சொத்துப் பட்டியலோடு மல்லுக்கட்டவும் நேரலாம். மதுரையிலோ சேலத்திலோ நடுத்தர அலுவலகம் என்றால் காலையில் ஒரு அரிசி ஆலைக் கணக்கு, மதியம் ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்குப் பதில், செப்டம்பர் வந்தால் டேக்ஸ் ஆடிட் என்று எல்லாம் கைக்கு வரும். வெளிநாட்டுக் கம்பெனி, குழுமக் கணக்கு போன்றவை கண்ணில் படாமலே போகலாம். இன்டர்வியூவில் தயங்காமல் கேளுங்கள்: முதல் வருட ஆர்ட்டிகிள்கள் என்ன வேலை செய்கிறார்கள், ஆடிட்டுக்கும் வரி வேலைக்கும் நாள் எப்படிப் பிரியும், ஃபைனலுக்குப் படிக்க விடுவார்களா. சேர்ந்த பிறகு நினைத்தபோது மாற முடியாது. கூடவே கல்லூரிக்கும் போகிறவர்கள் ஐ.சி.ஏ.ஐ.யிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வகுப்பு நேரமும் அலுவலக நேரமும் மோதக் கூடாது.

வெளியூர் ஆடிட்டுக்குப் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஆர். சிவபோகம் 1933-லேயே கணக்காளர் தேர்வில் தேறி, சென்னையில் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான பழக்கம், ஆவணத்தை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பது. கம்பெனி அக்கவுன்டன்ட் எடுத்துக் கொடுக்கும் வங்கிக் கடிதமும், வங்கியிலிருந்து நேரே ஆடிட்டருக்கு வரும் கடிதமும் ஒன்றல்ல. 2009 ஜனவரியில் ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் விவகாரம் வெடித்தபோது, புத்தகத்தில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். இத்தனை பெரிய ஓட்டையை அடைக்க வேண்டிய கருவி, இருப்பு எவ்வளவு என்று கேட்டு ஆர்ட்டிகிளே டைப் செய்து வங்கிக்கு அனுப்பக்கூடிய ஒரு பக்கக் கடிதம்.

ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல், ஆறு தாள். எங்கும் தோற்காமல் போனால் பிளஸ் டூவிலிருந்து குறைந்தது மூன்றரை வருடம் ஆகும். பெரும்பாலானவர்களுக்குக் கூடுதலாகும். வீட்டில் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். அதன்பின் உறுப்பினராகி, பிராக்டிஸ் சான்றிதழும் எடுத்தால்தான் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் எடுக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த ஆறு உறுப்பினர் எண். ஆடிட்டர் பெயரில் போலி சான்றிதழ் அடிப்பதைத் தடுக்க வந்தது இது.

"அமெரிக்க சி.பி.ஏ. சுலபமாமே?" என்று அந்த நாட்டு ஆடிட்டர் தேர்வைப் பற்றியும் கேட்கிறார்கள். நான்கு தாள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், தேர்ச்சிக்கு 75. சென்னையிலேயே எழுதலாம். நம்மூர் மூன்று வருட பி.காம். மட்டும் வைத்திருப்பவருக்குப் பல அமெரிக்க மாநிலங்களில் கிரெடிட் (படிப்புக்குக் கணக்கிடும் அலகு) போதாது, முதலில் அதை மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்கு வேலை நடக்கும் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் இந்தியக் கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் அதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது. சுலபமா கடினமா என்பதற்கு முன், எந்த நாட்டுக் கணக்கைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாத வங்கி ஸ்டேட்மென்டையும் அவர் எழுதும் கணக்கையும் வாங்குங்கள். அவர் கணக்கில் 61,800, வங்கியில் 66,682 என்று இருக்கும். அவர் கொடுத்த 5,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறமும் 118 ரூபாய் உதைக்கும். வங்கி பிடித்த 100 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் கண்ணில் படும்வரை எழுந்திருக்கத் தோன்றுகிறதா இல்லையா என்று மட்டும் கவனியுங்கள்.