இன்ஜினுக்கு ஒரு கேன் நல்ல தண்ணீர்

ஜனவரி கடைசி ஞாயிறு. புதுச்சேரி தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தைத் தாண்டி ஆற்றுக்குள் திரும்பியதும் என் படகின் எக்ஸாஸ்ட் சத்தம் மாறிவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் துப்பும் இன்ஜின், அன்று வெறும் ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து மெல்லக் கொண்டுவந்து கட்டினேன். மறுநாள் எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது புகை வெளியேறும் வளைந்த குழாயை, கழற்றிப் பார்த்தால், சுண்டுவிரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில்கூடப் போகவில்லை. வெள்ளைப் படிவும் கரியும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது.

இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதில் அப்போதைக்குச் சரியானது. ஆனால் இது மறுபடியும் வரும். அதனால்தான் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் இன்ஜினின் உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ ஒரு வழி செய்யும் இந்த வேலையில் இறங்கினேன். முடிக்க ஜூலை ஆனது.

படகு 25 அடி ஃபைபர் பாய்மரப் படகு. உள்ளே 9 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டீசல். காரில் இருப்பதுபோல ரேடியேட்டரும் கூலண்டும் இதற்குக் கிடையாது. கடல் தண்ணீரே நேராக இன்ஜின் பிளாக்குக்குள், அதாவது சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு உடலுக்குள், சுற்றி வெளியே போகும். படகின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது, சீகாக் என்பார்கள். அதன் வழியே வரும் தண்ணீர் வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இதழ்கள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் பம்ப் வழியாக பிளாக்குக்குள் போய், கடைசியில் எல்போவில் புகையோடு கலந்து, வாட்டர்லாக் என்ற சைலன்சர் டப்பாவுக்குள் விழுந்து, அங்கிருந்து புகையின் அழுத்தத்தில் பின்பக்கமாக வெளியேறும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சூடு ஏற ஏற சுண்ணாம்புச் சத்து படிவதும் அதிகம். அதனால்தான் இந்த வகை இன்ஜின்களைக் குறைந்த சூட்டில் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட்; என் இன்ஜினில் அது 42 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கிவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் இன்ஜினை ஓட்டுவது ரொம்பக் கொஞ்சம். முகத்துவாரத்தைத் தாண்டும்வரை இருபது நிமிஷம், திரும்பும்போது இருபது நிமிஷம், மற்றதெல்லாம் பாய்தான். ஆனால் நிறுத்திய பிறகு உள்ளே தங்கும் அந்த உப்புத் தண்ணீர் அடுத்த சவாரி வரை, சில சமயம் மூன்று வாரம், பிளாக்குக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரும்பைத் தின்பது அந்த மூன்று வாரம். நம் மீனவர்களுக்கு இது புதிதில்லை. கரைக்கு வந்ததும் அவுட்போர்டு இன்ஜினைக் கழற்றி, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். என் இன்ஜினைக் கழற்ற முடியாது. அதனால் டிரம்மை இன்ஜினிடம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி, மார்ச்சில் எளிய வழியைச் செய்து பார்த்தேன். சீகாக்கை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்து, மகன் இன்ஜினை ஓடவிட, நான் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினேன். வேலை நடக்கிறது. ஆனால் ஒரு மக்குக்கும் அடுத்த மக்குக்கும் நடுவே வடிகட்டி காலியானால் பம்ப் காற்றை இழுக்கும். ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு; காய்ந்து ஓடினால் ஒரு நிமிஷத்திலேயே இதழ்கள் கருகிப் பிய்ந்துபோகலாம். தனியாளாகப் போகும் நாட்களில் இதைச் செய்யவே முடியாது.

சரி, கரையில் இருக்கும் குழாயிலிருந்து தோட்டத்து ஹோஸை இழுத்து நேராகச் சொருகிவிடலாம் என்று திட்டம் போட்டேன். மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவரிடம் படம் வரைந்து காட்டினேன். பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“குழாயத் திறந்துட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணுவியா, ஸ்டார்ட் பண்ணிட்டுக் குழாயத் திறப்பியா தம்பி?”

“ஸ்டார்ட் பண்ணிட்டுத்தாண்ணே.”

“ஸ்டார்ட் ஆகலன்னா? நடுவுல நின்னுடுச்சுன்னா? நீ ஓடிப்போய்க் குழாய மூடுறதுக்குள்ள தண்ணி எங்க போகும், சொல்லு.”

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழாய் அழுத்தத்தில் வரும் தண்ணீர் இம்பெல்லர் இதழ்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இன்ஜின் ஓடவில்லையென்றால் வாட்டர்லாக்கில் விழும் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இல்லை. டப்பா நிரம்பும், ஹோஸில் மேலே ஏறும், எல்போவைத் தாண்டி எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். உப்பிலிருந்து காப்பாற்றப் போய் நல்ல தண்ணீராலேயே இன்ஜினை முடித்துவிடுவோம். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைச் சீகாக் திறந்த நிலையில் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும் இதே ஆபத்துதான்.

ஆகவே குழாயை நேராக இணைக்கும் யோசனையை விட்டேன். அழுத்தமே இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும், பம்ப் தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் 20 லிட்டர் கேனே போதும் என்று முடிவானது.

அண்ணன் வந்து உதவ ஜூன் பாதி ஆனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வெளியிலிருந்து பார்க்க ஓய்வுக்காலம்போலத் தெரியும், மெக்கானிக்குகளுக்கோ வருஷத்திலேயே வேலை அதிகம் அப்போதுதான். அந்த இரண்டு மாதத்தில் நான் சாமான் சேர்த்தேன்.

அதில்தான் அதிக நேரம் போனது. கேன் ஹோஸைக் கடல் தண்ணீர் வரும் குழாயோடு சேர்க்க ‘டீ’ என்ற மூன்று வாய் இணைப்பு வேண்டும். ஹார்டுவேர் கடையில் அதைக் கேட்டால் முதலில் எடுத்து வைப்பது பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல உருவிக்கொள்ளும். மிச்சம் நிற்பது ஓட்டை ஓட்டையான இளஞ்சிவப்புச் செம்பு. வெளியில் முழுசாகத் தெரியும், கையால் திருகினால் பிஸ்கட் மாதிரி உடையும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் இணைப்பு அப்படி உடைந்தால் படகு மூழ்கும். வீட்டுக்குப் போடும் பி.வி.சி. பால் வால்வும் இந்த இடத்துக்கு ஆகாது. கன்மெட்டல் என்று கேளுங்கள். அது வெண்கல வகை, செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. அரை அங்குல கன்மெட்டல் டீ, ஒரு பால் வால்வு, ஹோஸை மாட்டும் நிப்பிள் மூன்று. புதுச்சேரியில் வால்வு கிடைத்தது, நிப்பிளுக்குச் சென்னைப் பாரிமுனை வரை போக வேண்டியிருந்தது. உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் இரண்டு மீட்டர் வாங்கினேன். சாதாரண ஹோஸ் என்றால் பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போய்விடும். ஸ்டெயின்லெஸ் கிளிப் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு.

அடுத்து, எந்தத் தண்ணீர்? நம் கடலோரத்தில் போர் போட்டால் வருவதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன். படகுத்துறைப் பக்கத்து போர்த் தண்ணீர் 2,600 காட்டியது. எங்கள் வீட்டு நகராட்சிக் குழாய் 540. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரையும் அளந்தேன், 1,150. கடலோடு ஒப்பிட்டால் அதுகூட முப்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் அதில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாகத் திரண்டிருக்கும், நாம் போராடுவதே படிவோடு. அதனால் குழாய்த் தண்ணீர்தான்.

ஜூன் மூன்றாவது வாரம் மாட்டினோம். சீகாக்குக்கும் வடிகட்டிக்கும் நடுவே டீ. அப்படி வைத்தால் வடிகட்டியும் சேர்ந்து கழுவப்படும். டீயின் மூன்றாவது வாயில் பால் வால்வு, அதிலிருந்து ஹோஸ் மேலே இருக்கைப் பெட்டிக்குள் வரும். கேனை அங்கே வைத்து ஹோஸ் நுனியை உள்ளே விட்டால் போதும். ஹோஸை வெட்டும் முன் சீகாக் உண்மையிலேயே முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். எங்களுடையது லேசாகக் கசிந்தது. ஹோஸைக் கழற்றியதும் அண்ணன் ஒரு மரக்கட்டையைச் சீவி அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டார்.

மாட்டி முடித்து ஓட்டினால் வடிகட்டியின் கண்ணாடியில் குமிழ் குமிழாக வந்தது. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அரை மணி நேரம் தேடினோம். பம்புக்கு முன்னால் உள்ள பகுதியில் இணைப்பு தளர்ந்திருந்தால், இன்ஜின் ஓடும்போது தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். கடைசியில் அண்ணன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் நுரை உள்ளே இழுபட்டது. நிப்பிள் மரையில் தெஃப்லான் டேப் போதவில்லை. பிரித்து, கூடுதலாகச் சுற்றி, மறுபடி இறுக்கியதும் குமிழ் நின்றது.

முதல் சோதனை ஜூன் கடைசி ஞாயிறு. கடலுக்குப் போகவில்லை, துறையிலேயே வைத்து ஓட்டினேன். பின்னால் ஒரு வாளியைக் கட்டி எக்ஸாஸ்ட் தண்ணீரைப் பிடித்து அளந்தேன். என் மீட்டர் 9,990 வரைதான் காட்டும். அதனால் கடல் தண்ணீருக்கு ஒரு பங்கோடு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொண்டேன். ஓதம் ஏறியிருந்தபோது ஆற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 33,000. கேனைத் திறந்து சீகாக்கை மூடியபின் எட்டு லிட்டரில் 1,300, பன்னிரண்டு லிட்டரில் 610. குழாய்த் தண்ணீரே 540தான். வேலை முடிந்தது என்று மகிழ்ச்சியோடு நிறுத்தினேன்.

ஏனோ மனசு கேட்கவில்லை. பிளாக்கின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய்த் திருகு இருக்கிறது. அதைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை விட்டேன். எண் வரவில்லை, அளவு தாண்டிவிட்டது. கலந்து பார்த்தால் 29,000. பிளாக்குக்குள் கடல் அப்படியே இருந்தது!

காரணம் அந்த 42 டிகிரி. இன்ஜின் சூடாகாதபோது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். பம்ப் தள்ளும் தண்ணீர் பிளாக்குக்குள் போகாமல் பைபாஸ் வழியாக நேரே எல்போவுக்குப் போய்விடும். நான் கழுவியது வடிகட்டியையும் எல்போவையும் சைலன்சரையும் மட்டும்தான். எக்ஸாஸ்ட் தண்ணீரை ருசி பார்த்து, கரிக்கவில்லை, சுத்தமாகிவிட்டது என்று திருப்தியடைபவர்கள் பலர் உண்டு. இதே தவறில் அவர்களும் இருக்கலாம். இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று தோன்றியதே அந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான்.

அடுத்த முறை கடலுக்குப் போய்த் திரும்பிய கையோடு, இன்ஜின் சூடாக இருக்கும்போதே செய்தேன். கட்டிய கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு, கியரை மெதுவாக முன்னால் போட்டு, கொஞ்சம் சுமையோடு ஓடவிட்டேன். இப்போது எண்கள் வேறு மாதிரி வந்தன. ஆறு லிட்டரில் 3,000க்குக் கீழே இறங்கி, ஒன்பதாவது லிட்டரில் 5,800க்கு ஏறியது. குளிர்ந்த தண்ணீர் பட்டு மூடிக்கொண்ட தெர்மோஸ்டாட், சுமையில் மறுபடி சூடேறித் திறந்திருக்க வேண்டும். அதன்பின் நிதானமாக இறங்கி, பதினெட்டு லிட்டரில் 720. வடிதிருகில் பிடித்த தண்ணீர் 900. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஒன்பது நிமிஷ வேலை. கேனை முழுசாகக் காலியாக விடக்கூடாது. இரண்டு லிட்டர் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். கேனில் அந்த உயரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

நிறுத்தும்போது முதலில் கேன் வால்வை மூடி, கையோடு இன்ஜினை நிறுத்துகிறேன். கேன் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால், வால்வைத் திறந்தபடி விட்டால் இம்பெல்லர் இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல இறங்கிச் சைலன்சரை நிரப்பப் பார்க்கும். அழுத்தம் இல்லை என்பதால் நேரம் பிடிக்கும், ஆபத்து அதேதான்.

பிளாக்குக்குள் இரும்புக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே இருக்கும் துத்தநாகக் கட்டையை ஜூலையில் புதிதாக மாற்றினேன். பழையது பாதிக்கு மேல் கரைந்திருந்தது. நல்ல தண்ணீர் விடுகிறோம் என்பதற்காக அதை மறந்துவிடக் கூடாது. வாடைக்காற்று தொடங்கும் முன், அக்டோபரில், எல்போவை மறுபடி கழற்றிப் பார்ப்பேன்.

இன்னொன்று. கழுவி முடித்தபின் சீகாக் மூடியே இருக்கிறது. அடுத்த முறை அதைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் போய்விடும். அதனால் இன்ஜின் சாவியை இப்போது சீகாக் கைப்பிடியில்தான் மாட்டி வைக்கிறேன். சாவியை எடுக்கக் குனிந்தால் கை முதலில் அந்த வால்வில்தான் படுகிறது.