எத்தனை தூண்?

மலர்க் குழுத் தம்பி கேட்டது சின்ன விஷயம்தான். "அண்ணை, எங்கட பழைய மாணவர் சங்கத்துக்கு இது வெள்ளி விழா வருஷம். திருகோணமலையில எங்கட கல்லூரியின் கட்டடங்கள், மைதானம், மரபுகள் பற்றி மூன்று பக்கம் எழுதித் தாங்கோ. உங்கட காலத்து ஆக்கள் இனிக் கனபேர் இல்லை." கடைசி வசனத்தை அவர் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். என்றாலும் ஒப்புக்கொண்டேன்.

கனடாவில், ஸ்காபரோ வீட்டுச் சமையலறை மேசையில் தாளை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து தொடங்கினேன். வாசல், வேம்பு, தண்ணீர்த் தொட்டி, இடைவேளை பிஸ்கட், மண்டபம். மண்டபம் வரைக்கும் பேனா ஓடியது. மண்டபத்து விறாந்தையில் நின்றுவிட்டது. அங்கே எத்தனை தூண்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் தேர்ஸ்டன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. எழுபதுகளில் படித்தவர்களுக்குத் தெரியும், பிந்தி வந்தவர்களுக்கு இந்தப் பெயர் போதும். ஆங்கிலப் பாடம். வெள்ளை நீளக் காற்சட்டை, கறுப்புக் குடை. கச்சான் வீசி ஊரே வறண்டு கிடக்கும் மாதத்திலும் அந்தக் குடை கையில் இருக்கும்.

சேர் 1939இல் கொழும்பு யுனிவர்சிற்றி கொலிஜுக்குப் போனவர். அது தேர்ஸ்டன் வீதியில் இருந்தது. பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் சங்கம் அமைத்துக் கேட்கத் தொடங்கிய பல்கலைக்கழகம், பதினைந்து வருஷம் கழித்து, 1921 ஜனவரியில், அரைப் பங்காகத்தான் கிடைத்தது. சொந்தமாகப் பட்டம் கொடுக்க அதிகாரமில்லை, லண்டன் பட்டத்துக்குத்தான் படிப்பித்தார்கள். பிரபு ஒருவர் 1912இல் தன் மனைவி பெயரில் கட்டிய ரெஜினா வளவு என்ற மாளிகைதான் கொலிஜ் ஹவுஸ் ஆனது. இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் மனப்பாடம். கொழும்பையே காணாதவன்கூட, கொலிஜ் ஹவுஸிலிருந்து கிங் ஜோர்ஜ் மண்டபத்துக்கு எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று சொல்லுவான். சேர் கரும்பலகையில் வரைபடமே போட்டிருந்தார்.

வீட்டு வேலை செய்யாத நாட்களில் அது எங்களுக்கு வசதி. ஒருவன் எழும்பி, "சேர், அங்கே எல்லாரும் கவுன் போடவேணுமோ?" என்று கேட்டால் சரி, அந்தப் பாடம் அத்தோடு முடிந்தது. யுத்த காலத்தில் விடைத்தாள்கள் கப்பலேறிப் போன கதை வரும். "நான் பாஸா பெயிலா எண்டது ஜேர்மன்காரன்ர கையில இருந்தது" என்பார். அடுத்தது 1942. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். சேர் அதற்கு முதலே விடுமுறைக்கு ஊர் வந்துவிட்டார். "நான் அங்க இல்லையெண்டு கண்டுட்டு, நாலு நாளில இங்க தேடிக்கொண்டு வந்திட்டான்." 9ஆம் திகதி காலை திருமலைத் துறைமுகமும் சீனக்குடாவும் தாக்கப்பட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. புகையைத் தன் வீட்டு முற்றத்தில் நின்றே பார்த்தாராம். அந்த ஜூலை 1ஆம் திகதி யுனிவர்சிற்றி கொலிஜும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. "ஊருக்கு வந்திட்டுத் திரும்பிப் போனா, என்ர கொலிஜைக் காணேல்லை." நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

இருபத்தொரு வருஷம் மட்டுமே இருந்த ஒரு கல்லூரி. அதைப்பற்றி முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது பகிடி.

1972. ஒன்பதாம் வகுப்பு. "எங்கள் கல்லூரி" என்று ஆங்கிலக் கட்டுரை. சேரைக் குளிர்விக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். எங்கள் மண்டபத்துக்குக் கம்பீரமான முகப்பு வைத்தேன், வரிசையாக உயர்ந்த தூண்கள் நிறுத்தினேன், விசாலமான படிக்கட்டும் போட்டேன். மரபுகள் என்ற பந்தியில் கறுப்புக் கவுனுக்குக் கிட்டவே போய்விட்டேன். உண்மையான மண்டபம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்து நிலம், மழை வந்தால் மேடையில் இரண்டு வாளி.

சேர் என் கட்டுரையை எடுத்து உரத்து வாசித்தார். முதல் பந்தி முடிந்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தூண்கள் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, எங்கட மண்டபத்து விறாந்தையில எத்தனை தூண்?"

தெரியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் அதற்குள்ளால்தான் பிரார்த்தனைக்குப் போய்வந்தேன். ஒரு தூணில் என் பெயரின் முதலெழுத்தைக் கவராயத்தால் கீறியும் இருக்கிறேன்.

"போய் எண்ணிக்கொண்டு வாரும்."

பதினொரு மணி வெயில். வகுப்பறை யன்னல்கள் எல்லாம் மைதானத்தைப் பார்த்தவை. நான் நடுவால் நடந்து போக, மற்ற வகுப்புகளும் எட்டிப் பார்க்கத் தொடங்கின. எண்ணினேன், எட்டு. வந்து சொன்னேன். "மறுபடியும் எண்ணும்." திரும்ப நடை. இந்த முறை கையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அப்போதுதான் பார்த்தேன், எல்லாம் மரத் தூண், மேற்குப் பக்கத்து ஒன்று மட்டும் கொங்கிறீற்று. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் முறிந்ததற்குப் பதிலாக வைத்தது, அதே பச்சை நிறம் பூசி மறைத்திருந்தார்கள். மூலையில் அரைத் தூண் ஒன்று சுவருக்குள் புதைந்து நின்றது. அடியில் கறையான் தின்ற இடத்துக்குத் தார் பூசியிருந்தது. அதைத் தூண் என்று எண்ணுவதா, சுவர் என்று விடுவதா? ஒன்பது என்றேன். யன்னல்களிலிருந்து யாரோ "பத்து! பத்து!" என்று கத்தினான்கள். சேர் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை.

"இரும்."

அந்தத் தவணை முடியும்வரை எனக்குப் பெயர் "தூண்". கோணேசர் நகர்வலம் வந்த இரவு, பத்திரகாளி கோவிலடியில் அவ்வளவு சனத்துக்குள்ளும் ஒருவன் "டேய் தூண்!" என்று கூப்பிட்டான். அம்மா திரும்பிப் பார்த்தா. சேரை மன்னிக்க எனக்குக் கன காலம் எடுத்தது. அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அப்படி வெயிலில் நடத்தியிருக்கத் தேவையில்லை.

1976இல் எனக்குக் கொழும்பு வளாகத்தில் விஞ்ஞானம் கிடைத்தது. என் புள்ளிகளோடு 1974இல் வந்த, பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட கோட்டாவும் சேர்ந்துதான் கிடைத்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து அறை நண்பன் அதை எனக்கு மறக்கவும் விடவில்லை. இரவு மெயில் ஏறுவதற்கு முதல் நாள் சேரிடம் சொல்லப் போனேன். தேநீர் தந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை தந்தார். "கொலிஜ் ஹவுஸ் முகப்பில எத்தனை தூண் எண்டு எண்ணி எழுதும். வயது போகுது, மறந்து போச்சு."

ஆள் மறக்கிற ஆளில்லை. அது எனக்கு அப்போதே விளங்கியது. எரிச்சலும் வந்தது.

தினமும் அந்த வீதியால்தான் போனேன். விரிவுரை, பஸ், சாப்பாட்டுக் கடைக் கணக்கு. எப்போதும் நாளைக்கு எண்ணலாம். ஒரு மாதம் கழித்து, விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தபால் அட்டையில் "பன்னிரண்டு" என்று எழுதிப் போட்டேன். கிழமைக்குள் பதில் வந்தது. சேரின் சாய்ந்த கையெழுத்து, இரண்டே சொல்: மறுபடியும் எண்ணும்.

நான் எண்ணவும் இல்லை, எழுதவும் இல்லை. 77 ஆவணிக் கலவரத்தோடு ஊருக்கு ஓடிவந்தபோது, கடற்கரை வீதியில் தூரத்தில் அந்தக் குடையைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பி நடந்தேன். 84இல் நாட்டை விட்டே வெளிக்கிட்டேன். சேர் காலமானதை மூன்று மாதம் பிந்தி வந்த ஒரு கடிதத்தின் கடைசி வரியில் படித்தேன். அப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. சாப்பாட்டு இடைவேளைக்கு இருபது நிமிஷம்.

இந்த நாட்டில் என் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரி வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு எப்படிப் போவது என்று தெரியும். கோட்டை மான் ஒன்று உள்ளே வந்து யாருடைய கணக்குக் கொப்பியைத் தின்றது என்றும் தெரியும். மூத்தவள், படிக்கச் சொல்லி நான் அதட்டும்போதெல்லாம், "அப்பப்பா, அந்த மான் கதை?" என்பாள். இரண்டு தரம் ஏமாந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2018இல் போனோம். கோணேசர் மலைக்கு ஏறினோம், கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளி போட்டோம். கல்லூரிக்கும் போனேன். மண்டபம் நின்ற இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், நல்ல காற்றோட்டம், நல்ல வெளிச்சம். பிள்ளைகளுக்கு அதுதான் தேவை. மாணவ முதல்வன் ஒருவன் மரியாதையாக வந்து, "ஐயா யாரைப் பார்க்கவேணும்?" என்றான். ஒருவரையும் இல்லை என்றேன்.

திரும்பும் வழியில் கொழும்பில் ஆட்டோக்காரரிடம் தேர்ஸ்டன் வீதி என்றேன். இப்போது அது குமாரதுங்க முனிதாச மாவத்தை. பழைய பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் இறங்கி நின்றேன். மரங்களுக்கு இடையில் கொலிஜ் ஹவுஸ் துண்டு துண்டாகத் தெரிந்தது. இடது கரையிலிருந்து தொடங்கினேன். ஒன்று, இரண்டு. சுவரோடு ஒட்டி நிற்பவற்றையும் சேர்ப்பதா என்று யோசிக்க, பஸ் ஒன்று வந்து மறைத்தது. அது போனதும் திரும்ப ஒன்றிலிருந்து. ஐந்தில் நிற்கும்போது இன்னொரு பஸ்.

"என்னப்பா பார்க்கிறியள் அங்க? விமானத்துக்கு நேரமாகுது" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டா. வந்து ஏறினேன்.